கருவிக்கு அலங்காரம் தகுமா?

துணியை இழுத்துக் கட்டி ஊசிவேலை செய்வதற்கான மரச்சட்டம் எளிய அமைப்புடையது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உருளைகள். அவற்றில் பொருத்திய நாடாவோடு துணியின் இரு ஓரங்களையும் தைத்து, மிச்சத் துணியைச் சுருட்டிவிடுவார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் உருளைகளை விலக்கி நிறுத்தும். மேசைமேல் சாய்த்து வைக்கும் சட்டம் இதோடு முடிந்துவிடும். தரையில் நிற்கும் சட்டத்துக்கு இரண்டு தூண்களும் அவற்றை அடியில் இணைக்கும் குறுக்குக்கம்பும் வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு வரவேற்பறைக்கென்று செய்யப்பட்ட சட்டங்கள் பலவற்றில் இந்தத் தூணும் கம்பும் கடைசல் பிடித்தவை. மணி, பள்ளம், கழுத்து, குடம் என்று உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்.

துணி விறைப்பாக நிற்பதற்கு இந்த மணிகள் எந்த உதவியும் செய்வதில்லை. இழைத்த சதுரக் கட்டையே போதும். ஆகவே கடைசல்காரர் ஒரு மணியைக் கடையும்போதே ஒரு கேள்வி எழுகிறது: தேவைக்கு மேல் செய்யப்படும் வேலை எந்த வகையைச் சேர்ந்தது? அது வழிபாடா, வீணா, பகட்டா? கோயில், தேவாலயம், அரண்மனை ஆகியவற்றை வைத்துப் பலகாலம் விவாதிக்கப்பட்ட கேள்விதான். ஆனால் ஒரு கருவியை வைத்துக் கேட்கும்போது அது இன்னும் கூர்மையாகிறது. கோயில் பார்ப்பதற்கும் உரியது. கருவி கையாள்வதற்கு மட்டுமே உரியது.

முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். சதுரக் கட்டையின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடிழுத்தால் அவை வெட்டும் புள்ளி மையம். இரு மையங்களுக்கிடையே கட்டையை லேத்தில் பிடித்துச் சுழற்றி, நகவுளியால் மூலைகளைச் சீவி உருட்டாக்குவார்கள். பிறகு மணி வரும் இடம், பள்ளம் வரும் இடம் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து, சாய்ந்த வாயுள்ள உளியால் மணியையும் குழிவான உளியால் பள்ளத்தையும் கடைவார்கள். உளி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே இறங்க வேண்டும். எதிர்த்திசையில் ஏறினால் கீழே தாங்க நார் இல்லாமல் மணியின் விளிம்பு பிய்ந்துவிடும். முனைகளில் துளைக்குள் நுழையும் கழுந்தை அளந்து கடைந்து முடித்தால் கம்பு தயார்.

மணி எங்கே வரலாம் என்பதைக் கடைசல்காரரின் ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை. துணி சுருளும் இடத்தில் உருளை மேடுபள்ளமின்றி இருக்க வேண்டும். அங்கே மணி வைத்தால் துணியில் தடம் விழும். பள்ளம் ஆழமானால் கம்பு வலுவிழக்கும். ஓரிடத்தில் விட்டம் பாதியானால் அந்த இடத்தின் வளையாத் தன்மை 16இல் ஒரு பங்காகவும், முறிவைத் தாங்கும் வலு 8இல் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். கூரான விளிம்பு பட்டுநூலைப் பிடித்து இழுக்கும். எண்ணெய் மெருகு முழுதும் காயாமல் இருந்தால் துணியில் கறை ஏறும். அதனால் சுழலும் கம்பின்மேல் கைநிறைய மரச்சீவலை அழுத்திப் பளபளப்பாக்கி, மெழுகோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இவ்வளவு தடைகளுக்கும் பிறகு எஞ்சுவது உருளையின் நுனிகள், தூண்களின் நடுப்பகுதி, அடியிலுள்ள குறுக்குக்கம்பு ஆகியவை மட்டுமே. அலங்காரம் அங்கேதான் இடம் பிடிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. செதுக்குவேலையில் பூவும் கொடியும் தனி வேலை, தனி நேரம். லேத்தில் அப்படியில்லை. கட்டை ஏற்கெனவே சுழல்கிறது; உளி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மணி ஒன்றைக் கடையப் பழகிய கைக்கு அதிக நேரம் பிடிக்காது. கழுந்தை ஒட்டிய மணி, துளைக்குள் கம்பு எவ்வளவு நுழைய வேண்டுமோ அவ்வளவில் நிறுத்துகிறது. சற்றே பிசகிய துளையின் விளிம்பை மறைக்கவும் செய்கிறது. தேவை எங்கே முடிகிறது, மிகை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க லேத் எளிதில் இடம் கொடுப்பதில்லை. அலங்காரத்தைப் பற்றிய பழைய வாதங்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

எபிரெய வேதத்தின் யாத்திராகமத்தில் இரண்டு நிலைப்பாடுகளும் அருகருகே இருக்கின்றன. 20ஆம் அதிகாரம் கல்லால் பலிபீடம் கட்டுவதானால் வெட்டாத கல்லால் கட்டச் சொல்கிறது. உளி பட்டால் கல் தீட்டாகிவிடும். ஆனால் 31ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைச் சமைப்பதற்குக் கடவுளே பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்புகிறார். பொன், வெள்ளி, கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்பவர் அவர். அவருக்குத் துணையாக அமர்த்தப்படும் தாண் கோத்திரத்து அகோலியாப், பிற்பாடு 38ஆம் அதிகாரத்தில் சித்திரத்தையல்காரராகவும் குறிப்பிடப்படுகிறார். மரவேலைக்காரரும் ஊசிவேலைக்காரரும் ஒரே பணியில் சேர்ந்து அழைக்கப்பட்டிருப்பது பூவேலைச் சட்டத்தைப் பற்றி யோசிப்பவருக்குத் தற்செயலாகத் தோன்றாது. எனினும் கூடாரத்தின் அலங்காரம் கடவுளுக்கு. அதைத் தைக்கப் பயன்பட்ட கருவி எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நூல் ஒன்றும் சொல்வதில்லை.

கிரேக்க மரபில் லேத்துக்கு எதிர்பாராத மதிப்பு உண்டு. பிளேட்டோவின் டிமேயஸ் உரையாடலில் உலகைப் படைக்கும் சிற்பி அதைக் கடைந்தெடுத்த கோளமாக ஆக்குகிறார். உலகுக்கு வெளியே பார்க்கவோ கேட்கவோ எதுவும் இல்லாததால் அதற்குக் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். வழவழப்பான மேற்பரப்பு போதும். ஃபிலீபஸ் உரையாடல் இன்னும் நேரடியானது. கலப்பற்ற இன்பங்களைப் பேசும் இடத்தில் சாக்ரடீஸ் உயிர்களின் அழகையும் ஓவியங்களின் அழகையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அளவுகோல், மூலைமட்டம், லேத் ஆகியவற்றால் உண்டாகும் நேர்கோடுகளும் வட்டங்களும் திண்ம உருவங்களும் எதனோடும் ஒப்பிடாமல் தம்மளவிலேயே அழகானவை என்கிறார். இதை ஏற்றால் கடைசல் மணி வெளியிலிருந்து ஒட்டவைத்த பொருள் ஆகாது. எங்கே குறுக்கே வெட்டினாலும் வட்டமே கிடைக்கும் அந்தக் கம்பு, மணியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வகை அழகின் இரண்டு நிலைகள்தான். ஆனால் எந்த நிலையோடு நிறுத்திக்கொள்வது என்பதை பிளேட்டோ சொல்லவில்லை. உருண்டைக் கம்பே அழகென்றால் மணி ஏன்?

அந்தக் கேள்விக்கான விடையை விதியாகவே இயற்றி வாழ்ந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஷேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர். ஆன் லீ என்னும் ஆங்கிலேயப் பெண்ணின் தலைமையில் 1774இல் நியூயார்க்கில் வந்திறங்கிய சிறு குழு, 1787இல் நியூ லெபனானில் கூட்டுச் சமூகமாகத் திரண்டது. துறவு, பொதுவுடைமை, பாவ அறிக்கை ஆகியவற்றோடு உழைப்பையும் அவர்கள் வழிபாடாகக் கொண்டார்கள். 1845இல் திருத்தி விரித்து எழுதப்பட்ட அவர்களுடைய நடத்தை விதிகள், அழகுக்காக மட்டுமே செய்யப்படும் மணிவரிகளையும் விளிம்பு வேலைப்பாடுகளையும் விசுவாசிகள் செய்யக் கூடாது என்று தடுத்தன. கட்டிலுக்குப் பச்சை வண்ணம் என்பது வரை அவ்விதிகள் இறங்கிவந்தன.

ஆனாலும் ஷேக்கர்கள் லேத்தை விடவில்லை. அவர்களுடைய அறைகளின் சுவரெங்கும் ஓடும் பட்டையில் வரிசையாக நிற்கும் முளைகள் கடைசல் பிடித்தவை: மெல்லிய கழுத்து, காளான் குடை மாதிரித் தலை. தொப்பியும் நாற்காலியும் அதில் மாட்டப்படும். தலை பருத்திருந்தால்தான் மாட்டியது நழுவாது. ஆக அது தேவை. ஆனால் அவர்களுடைய நாற்காலித் தூண்களின் உச்சியில் இருக்கும் குமிழ்? கருவாலிக் கொட்டை வடிவில் அதைக் கடைந்ததற்கு எந்தத் தேவையும் கட்டாயப்படுத்தவில்லை. விதி கடைசலைத் தடுக்கவில்லை, அழகை மட்டுமே நாடும் நோக்கத்தைத் தடுத்தது. நோக்கத்தை அளக்க அளவுகோல் இல்லை. 1870களில் மவுண்ட் லெபனானில் ராபர்ட் வேகன் நடத்திய நாற்காலித் தொழிற்சாலை வெளியுலகத்துக்காக எண்ணிட்ட அளவுகளில் நாற்காலிகள் செய்தது. 1876 ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன. சகோதரிகள் முட்டைவடிவ மரப்பெட்டிகளுக்குப் பட்டு உள்ளுறை தைத்து, ஊசிமெத்தையும் நாடாவும் இணைத்துத் தையல் கூடைகளாக விற்றார்கள். தமக்கு எளிமை, சந்தைக்குப் பட்டு. இதைப் போலித்தனம் என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் பிழைப்புக்கு வேறு வழிகள் அருகிய சமூகம் அது. எளிமை ஓர் ஒழுக்கமாக இருக்கலாம், ஆனால் ஒரு வடிவத்தைப் பார்த்து அது எளிமையானதா என்று தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதையே ஷேக்கர் குமிழ் காட்டுகிறது.

ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1790இல் எழுதிய தீர்ப்புத்திறன் பற்றிய திறனாய்வில் ஓவியச் சட்டமே எடுத்துக்காட்டாக வருகிறது. ஓவியத்தின் சட்டம், சிலையின் ஆடை, மாளிகையைச் சூழ்ந்த தூண்வரிசை ஆகியவை பொருளின் உறுப்புகளல்ல, துணைகள். வடிவத்தால் துணை செய்தால் நன்று. தங்கமுலாம் பூசிய சட்டம் போலக் கவர்ச்சியால் ஆள்பிடித்தால் அது வெறும் பகட்டு, உண்மை அழகுக்குக் கேடு என்கிறார். பூவேலைச் சட்டத்துக்கு இது பாதிதான் பொருந்துகிறது. ஓவியத்தைச் சட்டம் விட்டுப் பிரிவதில்லை; பார்ப்பவர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார். பூவேலையோ முடிந்ததும் சட்டத்திலிருந்து அவிழ்ந்து போய்விடும். பலிபீடத் துணியைப் பார்ப்பவர் அது எந்தச் சட்டத்தில் தைக்கப்பட்டது என்று கேட்பதில்லை. பொருளை விற்பதற்கோ புகழ்வதற்கோ பயன்படாத இந்த அலங்காரத்தை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் மட்டுமே: அதன்முன் உட்கார்ந்து தைப்பவர்.

இதனால் பகட்டு என்ற குற்றச்சாட்டு விழுந்துவிட்டதாகத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பிரெஞ்சு அரசவைக்கு வேலை செய்த சார்ல் ழெர்மேன் தெ செயின்ட் ஓபின் 1770இல் வெளியிட்ட பூவேலைக் கலை நூலின் படங்களில், தொழில்முறைப் பட்டறைச் சட்டங்கள் துளையிட்ட கட்டைகளாலான வெறும் சட்டங்கள். தைத்துப் பிழைத்தவர்களுக்குக் கடைசல் மணி வாய்க்கவில்லை. மணியுள்ள சட்டம் பொழுதுபோக்காகத் தைத்தவரின் வரவேற்பறையில் நின்றது. விருந்தினர் கண்ணில் படவே நின்றது. வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வும் ரசனையும் உண்டு என்பதற்கு அது சான்று. மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் வசதியுள்ள பெண்களின் ஊசிவேலை அவர்களுடைய சிந்தனையைச் சுருக்குகிறது என்று சாடினார். 1815இல் மேரி லாம் ஊசிவேலையைப் பற்றி எழுதிய கட்டுரை வேறொரு நியாயம் பேசியது: வசதியான பெண்கள் கூலியின்றித் தைப்பது, கூலிக்குத் தைக்கும் பெண்களின் வருவாயைப் பறிக்கிறது. லாம் தாமே தையல் கூலியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருடைய வாதத்தின் முன் மகாகனி மரத்தில் கடைந்த தூண் அப்பாவியாக நிற்க முடியாது.

கேள்வியை வடிவத்திலிருந்து உழைப்புக்குத் திருப்பியவர் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். அலங்காரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான கேள்வி அதைச் செய்தவர் செய்யும்போது மகிழ்ந்தாரா என்பதே என்று 1849இல் எழுதினார். 1853இல் வெளிவந்த வெனிஸ் நகரக் கட்டடங்கள் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதியில் அவர் எடுத்துக்காட்டியது கண்ணாடி மணி. கண்ணாடிக் குச்சிகளை நாளெல்லாம் துண்டாக்கிக்கொண்டிருப்பவரின் வேலையில் அறிவுக்கு இடமே இல்லை. அந்த மணிகளை வாங்குபவர் அடிமை வணிகத்தில் பங்கேற்கிறார் என்பது அவர் தீர்ப்பு. கற்பனைக்குப் பங்கில்லாத, கட்டாயத் தேவையுமில்லாத பொருளை ஆதரிக்கக் கூடாது. துல்லியத்தைத் துல்லியத்துக்காகவே கேட்கக் கூடாது. நகலெடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது. இவை அவர் வாங்குபவருக்கு வகுத்த விதிகள்.

கடைசலுக்கு இவை சங்கடமானவை. சட்டத்தின் இரண்டு தூண்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதாவது இரண்டாவது தூண் முதலாவதன் நகல். கடைசல்காரர் அடையாளங்கள் கீறிய அளவுச் சட்டத்தைக் கட்டையோடு ஒட்டிப் பிடித்துக் குறியிட்டு, காலிப்பரால் விட்டம் பார்த்துப் பார்த்துக் கடைகிறார். எனினும் கைக்கடைசலில் இரண்டு தூண்கள் உண்மையில் ஒன்றாவதில்லை. விட்டத்தில் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் மன்னித்துவிடும். மணியின் இடம் தவறினால் உடனே கண்டுபிடித்துவிடும். எதை மன்னிக்கலாம், எதைக் கூடாது என்று ஒவ்வொரு மணியிலும் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அது வெறும் நகலெடுப்பு ஆகாது. தாமஸ் பிளான்சார்ட் 1819இல் காப்புரிமை பெற்ற நகல் லேத், ஒரு மாதிரியைத் தடவியபடியே துப்பாக்கிக் கட்டையைக் கடைந்தது. அந்த வழிவந்த இயந்திரங்கள் தூண்களையும் கடைந்து தள்ளத் தொடங்கியபோதுதான் ரஸ்கினின் கண்டனம் முழுவதுமாகப் பொருந்தலாயிற்று.

ரஸ்கினைத் தன் வாழ்க்கைக்கே வழிகாட்டியாக ஏற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் இதைக் கையால் சோதித்தார். 1850களின் பிற்பாதியில் பழைய மாதிரியொன்றைப் பார்த்துத் தனக்கென்று பூவேலைச் சட்டம் செய்வித்து, கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றச் செய்து, மறந்துபோன தையல்களைத் தாமே கற்றார். 1885இல் அவருடைய நிறுவனத்தின் பூவேலைப் பிரிவை மகள் மே மாரிஸ் ஏற்றார். 1893இல் அவர் ஊசிவேலை பற்றிய கைநூலும் எழுதினார். அதே நிறுவனம் விற்ற சசெக்ஸ் நாற்காலி கடைசல் கம்புகளால் ஆனது. நாட்டுப்புற நாற்காலியைப் பார்த்துச் செய்தது, ஒப்பீட்டளவில் மலிவானது. மாரிஸின் மற்ற பொருள்கள் செல்வர்களுக்கே எட்டின என்பதும், அது அவரையே வருத்தியது என்பதும் ரஸ்கின் வழியின் எல்லையைக் காட்டுகின்றன. மகிழ்ச்சியோடு செய்த பொருள் விலை கூடியது.

வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் இந்த விலையிலிருந்தே தொடங்கினார். அலங்காரமும் குற்றமும் என்ற அவருடைய உரை 1913இல் பிரெஞ்சில் அச்சானது. அலங்காரம் வீணான உழைப்பு, வீணான பொருள், தொழிலாளியின் உடல்நலத்துக்குக் கேடு என்பது அதன் சாரம். அந்த உரையைப் பெயரளவில் அறிந்தவர்கள் அதன் கடைசிப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். லோஸ் அங்கே தன் செருப்புத் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறார். கேட்ட கூலிக்கு மேல் கொடுத்தால் அவர் மகிழ்வார். ஆனால் பூந்துளைகள் இல்லாமல் வழவழப்பாகச் செய்யச் சொன்னால் வேலை குறைந்தாலும் அவருடைய மகிழ்ச்சி முழுவதும் போய்விடும். ஆகவே அந்த அலங்காரத்தை லோஸ் சகித்துக்கொள்கிறார். பூப்பின்னும் ஸ்லோவாக்கியக் குடியானவப் பெண்ணுக்கும், பட்டிலும் மணியிலும் பின்னும் முதியவளுக்கும் அதே சலுகை. அவர்களுக்கு உயர்ந்த இன்பம் வேறில்லை என்ற மேட்டிமை இந்தச் சலுகையில் ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சும்: அலங்காரத்தின் பரம எதிரியும் ரஸ்கினும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

கொழும்பில் 1877இல் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி வேறு பாதையில் வந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூல் 1908இல், மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்துக்குச் சொந்தமாயிருந்த இயந்திரத்திலேயே அச்சிடப்பட்டது. அவருடைய மனைவி எத்தல் அதற்காகக் கண்டி நாட்டின் பூத்தையலை ஆராய்ந்தார். 1939இல் அலங்காரம் பற்றி எழுதிய கட்டுரையில், மிகை என்று இன்று கருதப்படும் அணி, மரபுச் சமூகங்களில் பொருளை முழுமையாக்கும் உறுப்பாகவே இருந்தது என்று குமாரசுவாமி வாதிட்டார். வாதம் ஆழமானது. ஆனால் ஆங்கில வரவேற்பறைத் தூணின் மணி எதையும் குறிப்பதில்லை. எந்த மந்திரத்தோடும் கதையோடும் அதற்குத் தொடர்பில்லை. குமாரசுவாமியின் கண்ணில் அது பொருளிழந்த மிச்சம் மட்டுமே. அவருடைய வாதத்தைக் காட்டி அதைக் காப்பாற்ற நினைப்பது சரியல்ல.

ஒரு வழி சீனத்திலிருந்து கிடைக்கிறது. சுவாங்சு நூலின் 19ஆம் அதிகாரத்தில் சிங் என்னும் தச்சர் ஒலிக்கும் மணியைத் தொங்கவிடும் தாங்கியைச் செதுக்குகிறார். பார்த்தவர்கள் அது தெய்வங்களின் வேலையென்று வியக்கிறார்கள். எப்படிச் செய்தாய் என்று அரசன் கேட்கிறான். நோன்பிருந்தேன் என்கிறார் தச்சர்: மூன்று நாளில் பரிசும் பதவியும் மறந்தன, ஐந்து நாளில் புகழும் பழியும் மறந்தன, ஏழு நாளில் தனக்குக் கைகால் உண்டென்பதே மறந்தது, அதன் பிறகே காட்டுக்குப் போய் மரத்தைத் தேடினார். கதை மணியைப் பற்றியதன்று, மணியைத் தாங்குவதைப் பற்றியது. பரிசையும் புகழையும் மறந்தவர் செய்த அலங்காரத்தில் பகட்டுக்கு இடமில்லை. உழைப்பு வீணா என்ற கேள்விக்கும் அங்கே கேட்பார் இல்லை.

இத்தனை வாதங்களையும் வைத்துப் பார்த்தால் கடைசல் மணிக்குப் பொதுத் தீர்ப்பு ஒன்று கிடையாது. செய்பவர் இன்னாருக்கென்று அறிந்து, தன் நேரத்தில், தன் கையால் கடைந்து கொடுக்கும் சட்டத்தில் மணி இருக்கலாம். ரஸ்கினும் லோஸும் அதைத் தடுக்க மாட்டார்கள், ஷேக்கர் மூப்பர் முகம் சுளித்தாலும் காரணம் காட்டத் திணறுவார். கூலிக்குத் தைப்பவரின் பட்டறையில் மணியில்லாத கட்டை நிற்பதில் குறையும் இல்லை, தனிப் புனிதமும் இல்லை, அது சிக்கனம். நகல் இயந்திரம் கடைந்து, கைவேலையின் சாயலைக் காட்டி விலையேற்றிய மணிக்கு மட்டும் எந்த மரபிலும் ஆதரவு கிடைக்காது. சட்டம் வாங்கப் போகிறவர் மணியை விட்டுவிட்டுக் கழுந்தை அசைத்துப் பார்க்கட்டும்.